பத்தினி தேவாலயத்துக்கு அருகே ஒரு நீதிமன்றம்



கண்டி மாநகருக்கு வருபவர்கள் தலதா மாளிகையைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. ஆனால் மாளிகைக்கு எதிரே, நாத தேவாலயத்துக்கு அணித்தாக அடக்கமாக நிற்கும் பத்தினி தேவாலயத்திலே நின்று நிதானித்துச் செல்பவர்கள் குறைவு. அங்கே கோயில் கொண்டிருப்பவள் நம் கண்ணகிதான். கஜபாகு மன்னனோடு இந்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படும் அவளைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள். எசல பெரஹராவிலே நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களுக்குப் பின்னே அவளுடைய ஊர்வலமும் வருகிறது. பெண்கள் ஆடிவருவது அந்த ஊர்வலத்திலேதான்.

கையிலே ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போய், தீர்ப்புத் தவறு என்று அரசன் முகத்துக்கு நேரே வாதாடியவள் அவள். அந்தத் தேவாலயத்துக்குக் கூப்பிடு தூரத்திலே, பழைய அரண்மனை வளவைச் சுற்றித்தான் அக்காலத்தில் கண்டி நீதிமன்றங்களும் சட்டத்தரணிகளின் சின்னஞ்சிறு அறைகளும் இருந்தன. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட மகுல் மடுவவும் அதே வளவிலேதான் நிற்கிறது. நீதி கேட்ட பெண் ஒருத்தி தெய்வமாக இருக்கும் முற்றத்திலே, நீதியைத் தொழிலாகக் கொள்ள வந்த பெண்களுக்கு நேர்ந்தது என்ன? இன்றைய உரையிலே அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

வரலாற்றைத் தொடங்குமுன் என் கதையிலே ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். 1991ஆம் ஆண்டு. சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சையை முடித்துவிட்டு, கண்டியிலே மூத்த சட்டத்தரணி ஒருவரின் அறையிலே பயிலுனராகச் சேர்ந்திருந்தேன். என்னோடு இன்னொரு பெண்ணும் இருந்தாள். புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலே கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்தவள். அந்த லயத்திலிருந்து சட்டம் படிக்கப் போன முதற் பிள்ளை. அவளை மல்லிகா என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் அதுவன்று. அந்த மூத்தவரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை.

பயிலுனர் காலம் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் முடிந்ததென்று மூத்தவர் கையெழுத்திட்டுக் கொடுத்தாற்றான் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியாக முடியும். ஒரு மனிதனின் கையெழுத்திலே ஒரு பெண்ணின் எதிர்காலம் முழுவதும் தங்கியிருந்தது. இதை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரலாறு முழுவதற்கும் திறவுகோல் இதுவே.

சனிக்கிழமைகளிலே கிளாக்கர் ஐயா பூட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போன பிறகு, "வழக்குரை எழுத வேண்டும், நீ இரு" என்று மல்லிகாவை மட்டும் சேர் நிறுத்திக்கொள்வார். ஒருநாள் அவள் என் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும் கொஞ்ச நேரம் இருங்களேன்" என்றாள். காரணத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி எனக்கு விளங்கியிருந்தது. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பஸ்ஸை நான் பிடிக்க வேண்டியிருந்தது. "இன்னும் இரண்டு மாதந்தானே, சமாளி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

இரண்டு வாரத்தில் மல்லிகா வருவதை நிறுத்திவிட்டாள். "அந்தப் பிள்ளைக்குக் கொழும்பிலே வேறு இடம் கிடைத்திருக்கும்" என்றார் கிளாக்கர் ஐயா. அது பொய்யென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருக்கும் அந்தப் பொய் தேவையாக இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சட்டத் தொழிலின் கதவு பெண்களுக்குத் தாமதமாகவே திறந்தது. பூனாவிலே கல்வி கற்று ஒக்ஸ்போர்டுக்குச் சென்ற கொர்னேலியா சொராப்ஜி, 1892ஆம் ஆண்டிலே அங்கு சட்டப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றினார். பெண் என்பதனால் அந்தப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது 1922இலேதான். முப்பது வருடங்கள்! இங்கிலாந்திலே 1919ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவிலே 1923ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை நீக்கின. நம் நாட்டிலே 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது, பெண்ணும் வாக்களித்தாள். ஆனாலும் அப்புக்காத்தாகவோ பிறக்கிராசியாகவோ வருவதற்கு 1933ஆம் ஆண்டிலே தனியாக ஒரு கட்டளைச்சட்டம் வேண்டியிருந்தது. நம் சட்டக் கல்விச் சபை 1874இலே தோன்றியது. ஆக, ஏறத்தாழ அறுபது வருடங்கள் அது ஆண்களின் வீடாகவே இருந்தது. உயர் நீதிமன்றத்திலே முதற் பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க அமர்ந்தது 1996இல். கதவு திறந்து 63 வருடங்களின் பின்.

நீதிமன்றத்துக்குப் பெண்கள் புதியவர்கள் என்று இதனைக் கொண்டு எண்ணிவிடக்கூடாது. வழக்காளியாக அவள் எப்போதும் வந்திருக்கிறாள். கண்டியச் சட்டத்திலே பெண்ணுக்கு மணவிலக்குக் கோரும் உரிமை நெடுங்காலமாக உண்டு. கணவன் வீட்டுக்குப் போகும் தீக மணம், கணவன் மனைவி வீட்டுக்கு வரும் பின்ன மணம் என இருவகை. பின்ன மணத்திலே பெண்ணின் கை ஓங்கியிருந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளிலே கண்டிக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த லெனார்ட் வூல்ஃப், கண்டிய மணவிலக்கு விண்ணப்பங்களை விசாரித்தவர். இலண்டனில் வளர்ந்த அவருக்கு அது வியப்பாக இருந்தது.

இலக்கிய நேயர்களுக்கு வூல்ஃப் புதியவரல்லர். அவர் 1913இலே வெளியிட்ட நாவலைப் 'பெத்தேகம' என்ற பெயரிலே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் திரைப்படமாக்கினார். அதன் நடுவே இருப்பதும் இன்று நாம் பேசும் விடயந்தான். கடன் கொடுத்து ஊரைக் கையிலே வைத்திருக்கும் பெர்னாண்டோ, புஞ்சிமெனிகாவை அடைய விரும்புகிறான். அவள் மறுக்கிறாள், அவளுடைய கணவன் பாபுனும் இணங்கவில்லை. ஊர்த் தலைவனோடு சேர்ந்து பாபுன் மீது பொய்யான திருட்டு வழக்கு ஒன்று சோடிக்கப்படுகிறது. நீதிமன்றத்திலே வெள்ளைக்கார நீதவான் நேர்மையானவர்தான். ஆனால் அவர் முன்னே இருப்பது திருட்டு வழக்கு. அந்த வழக்கு எதற்காகப் பிறந்தது என்பது ஏட்டிலே இல்லை. பாபுன் சிறைக்குப் போகிறான். பெண்ணின் மறுப்புக்குத் தண்டனை, சட்டத்தின் கையாலேயே வழங்கப்படுகிறது. அந்தக் காலத்துக் காட்டுக் கிராமத்திலே கடன் செய்த வேலையை, எங்கள் அறையிலே கையெழுத்துச் செய்தது.

சட்டப் புத்தகத்தையும் சற்றுப் புரட்டுவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலே 345ஆம் பிரிவு, பெண்ணொருத்தியின் நாணத்துக்கு ஊறு செய்யும் நோக்கோடு அவள் மீது பலாத்காரம் பிரயோகிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. நம் பத்திரிகைகள் இதை 'மானபங்கம்' என்று எழுதின. இந்தச் சொல்லை உற்றுப் பாருங்கள். பங்கப்பட்டது அவளுடைய மானம். ஆகவே வெளியே சொன்னால் போவதும் அவளுடைய மானந்தான். செய்தவன் அந்தச் சொல்லுக்குள்ளே எங்கும் இல்லை. கை படாமல் செய்த கொடுமைக்கோ, நெருங்கி நின்று சொன்ன வார்த்தைக்கோ அங்கே இடமிருக்கவில்லை. 'சேஷ்டை' என்ற இன்னொரு சொல்லும் இருந்தது. அது குழந்தை செய்வதற்கும் குரங்கு செய்வதற்கும் வழங்கும் சொல். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

மேல்நாட்டிலும் இதற்குப் பெயர் பிறந்தது அண்மையிலேதான். அமெரிக்காவிலே 1975 அளவில், கோர்னெல் பல்கலைக்கழகத்திலே வேலையை விட்டு விலக நேர்ந்த ஓர் ஊழியப் பெண்ணின் துயரத்தைச் சுற்றிக் கூடிய பெண்கள், தாம் ஒவ்வொருவரும் அனுபவித்ததற்கு ஒரு பொதுப் பெயர் தேடினார்கள். 1979இலே கத்தரின் மெக்கினன் என்ற சட்ட அறிஞர், இது பெண் என்பதற்காகக் காட்டப்படும் பாரபட்சமே என்று நூலெழுதி நிறுவினார். 1986இலே அந்நாட்டு உயர்பீடம் அதை ஏற்றுக்கொண்டது.

பின்னர் 1991 ஒக்டோபர். ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்திலே சட்டப் பேராசிரியையாக இருந்த அனிட்டா ஹில், செனட் சபையின் குழு முன்னே அமர்ந்தார். உயர்பீட நீதியரசராக நியமனம் பெறவிருந்த கிளாரன்ஸ் தோமஸ், முன்னர் தமது மேலதிகாரியாக இருந்தபோது தம்மிடம் எவ்வாறு பேசினார் என்பதை அவர் உலகறியச் சொன்னார். தோமஸ் அனைத்தையும் மறுத்தார். விசாரித்த குழுவிலே இருந்த 14 பேரும் ஆண்கள். "பத்து வருடம் ஏன் பேசாமல் இருந்தாய்?" என்பதே அவரை நோக்கி எழுந்த பெருங் கேள்வி. 52க்கு 48 என்ற வாக்குகளால் தோமஸ் நியமனம் பெற்றார்.

அந்தச் செய்தி வந்த ஆங்கிலப் பத்திரிகை எங்கள் அறை மேசையிலும் கிடந்தது. சேரும் அவருடைய நண்பர்களும் தேநீர் குடித்தபடி அதை வாசித்துச் சிரித்தார்கள். "பத்து வருடம் கழித்துத்தான் ஞாபகம் வந்ததோ" என்றார் ஒருவர். சட்டம் படித்த பெண், சட்டமே தொழிலான பெண், அவளாலேயே பத்து வருடம் பேச முடியவில்லை என்றால், தடை எவ்வளவு பெரியது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மல்லிகா தட்டெழுத்துப் பொறிக்கு முன்னால் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூலையிலே சட்ட அறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நம் நாட்டிலே மாற்றம் வந்தது 1995இல். அவ்வாண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம், பழைய 345ஆம் பிரிவை நீக்கிப் புதியதை வைத்தது. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பது குற்றமாயிற்று. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். வேலைத்தலத்திலோ வேறிடத்திலோ அதிகாரம் உள்ள ஒருவர், விரும்பப்படாத பாலியல் நெருக்கத்தைச் சொல்லாலோ செயலாலோ காட்டினால் அதுவும் இக்குற்றமே என்று விளக்கமும் தரப்பட்டது. மானம் என்ற சொல் போய், தொந்தரவு என்ற சொல் வந்தது. தொந்தரவு என்றால் கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். நூறு வருடத்துக்குப் பின் அவன் வாக்கியத்துக்குள்ளே வந்தான்.

அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ கம்பளை பஸ் நிலையத்திலே மல்லிகாவைக் கண்டேன். தோட்டப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியையாக இருந்தாள். பையிலே பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள். நலம் விசாரித்துக்கொண்ட பின் அவள், "அக்கா, இப்போ அதுக்குச் சட்டம் வந்திருக்காமே, பேரும் வைச்சிருக்காங்களாமே" என்றாள். ஆமென்றேன். "அப்போ அந்தப் பேரு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு நீங்க இருந்திருப்பீங்களா?" என்று கேட்டாள். அவள் குரலிலே கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். புசல்லாவை பஸ் வந்தது. நான் பதில் சொல்லுமுன் அவள் ஏறிவிட்டாள்.

அந்தக் கேள்வியை வரலாற்றிடமும் கேட்டுப் பார்க்கலாம். பெயரும் சட்டமும் வந்தால் போதுமா?

நம் பேராதனையிலே 1975ஆம் ஆண்டு, பகிடிவதை என்ற பெயரிலே நடந்த பாலியல் கொடுமையிலிருந்து தப்ப, இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து ஒரு மாணவி குதித்தாள். அவள் பின்னர் எழுந்து நடக்கவேயில்லை. பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது 1998இல். இடையிலே 23 வருடங்கள். இடையிலே உயிர்களும் போயின. படித்தவர்கள் கூடும் இடத்திலே இது நடவாது என்ற நம்பிக்கையே இத்தனை காலத் தாமதத்துக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அயல்நாடான இந்தியாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. இராஜஸ்தானின் பட்டேரி கிராமத்திலே குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்ற அரச திட்டப் பணியாளர், 1992இலே கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். 1995இலே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அக்குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அவருக்காகக் கூடிய பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. விசாகா வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கிலே, 1997 ஆகஸ்ட் 13ஆம் திகதி, பிரதம நீதியரசர் ஜே. எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். ஒவ்வொரு வேலைத்தலத்திலும் முறைப்பாட்டுக் குழு வேண்டும். அதற்குப் பெண் ஒருவர் தலைமை வகிக்க வேண்டும். உறுப்பினரிலே பாதிக்குக் குறையாதோர் பெண்களாக இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும் என்பன அதன் நெறிகள். ஓர் ஏழைக் கிராமத்துப் பெண் பட்ட துன்பத்திலிருந்து ஒரு நாட்டின் அலுவலகங்களுக்கெல்லாம் நெறி பிறந்தது.

அந்த நெறியை எழுதிய நீதிமன்றத்தின் சொந்த முற்றத்திலே என்ன நடந்தது? வழக்கறிஞர் சங்கங்களும் இதைப் பின்பற்ற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் பணித்தது 2012 ஒக்டோபரில். பதினைந்து வருடங்கள் கழித்து! 2013 நவம்பரிலே, பயிற்சிக்குச் சென்ற சட்ட மாணவி ஒருவர், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தம்மிடம் தவறாக நடந்துகொண்டதாக வெளிப்படையாக எழுதினார். அவர் மறுத்தார். விசாரித்த மூன்று நீதியரசர்கள், அம்மாணவி விரும்பாத பாலியல் சார்ந்த நடத்தை இருந்ததென மேலோட்டமான பார்வையில் தெரிவதாக அறிக்கையிட்டார்கள். பயிலுனர் மீண்டும் பயிலுனரே! நாடும் காலமும் வேறு. மேசையும் அதற்கு இருபுறமும் இருந்தவர்களின் நிலையும் ஒன்றே. அவ்வாண்டிலேதான் உச்ச நீதிமன்றம் தன் வளவுக்கென ஒழுங்குவிதிகளை ஆக்கிக்கொண்டது.

நீதிபதியின் ஆசனமும் காவலாகவில்லை. குவாலியரிலே மாவட்ட மட்டத்தில் நீதிபதியாக இருந்த பெண்ணொருவர், தமக்கு மேலிருந்த நீதியரசர் மீது குற்றஞ்சாட்டி 2014இலே பதவி துறந்தார். நீதியரசர் மறுத்தார், விசாரணைக் குழுவும் அவர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றது. ஆனால் அந்தப் பெண்ணின் பதவி துறப்பு மனமுவந்து செய்ததன்று, நெருக்குவாரத்தால் நிகழ்ந்தது என்று கூறி, 2022 பெப்ரவரியிலே உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது.

இது ஒரு நாட்டின் நோயன்று. சர்வதேச சட்டத்தரணிகள் சங்கம் 2019இலே வெளியிட்ட ஆய்வொன்றிலே 135 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஏழாயிரம் சட்டத்துறையினர் பதிலளித்தார்கள். பெண்களில் மூவரில் ஒருவர் வேலையோடு தொடர்பாகப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர். ஆண்களிலும் பதினான்கு பேரில் ஒருவர். நான்கு சம்பவங்களில் மூன்று எவரிடமும் முறையிடப்படவில்லை. பிறருக்காக முறைப்பாடு எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், தமக்கு என்று வரும்போது எழுதவில்லை.

ஏன்? மல்லிகாவை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். நம் தொழிலிலே பெரிய அலுவலகங்கள் குறைவு. ஓர் அறை, ஒரு மூத்தவர், ஒரு கிளாக்கர், ஓரிரு இளையவர்கள். முறைப்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டியவரும் முறைப்பாட்டுக்கு உரியவரும் ஒரே ஆள். அந்த ஊரின் மற்ற மூத்தவர்கள் அவருடைய நண்பர்கள்; நீதவான் அவரோடு படித்தவராக இருக்கலாம். வழக்குகள் இளையவர்களுக்குக் கிடைப்பது மூத்தவர்களின் தயவினால். பொலிஸிலே முறையிட்டால், அதன்பின் எந்த அறையின் கதவு அவளுக்குத் திறக்கும்? 1995ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். அவளுடைய சான்றிதழிலே கையெழுத்துப் போடாது.

ஆகவே தண்டனைச் சட்டத்துக்கு அப்பால் சில சிறிய ஒழுங்குகள் தேவை. 1988ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் ஆக்கிய சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகள், தொழிலுக்குத் தகாத இழிநடத்தையை ஏற்கெனவே கண்டிக்கின்றன. பாலியல் தொந்தரவும் அத்தகையதே என்பதைப் பயிலுனர் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டும். பயிலுனர் இடம் மாறினாலும் முன்பு செய்த மாதங்கள் வீணாகாதபடி கணக்கிட வேண்டும். சான்றிதழ் ஒருவரின் கையிலே மட்டும் தங்கக்கூடாது. முறைப்பாட்டைக் கேட்பவர்கள் அந்த ஊருக்கு வெளியே இருந்து வர வேண்டும். முறையிட்டவருக்கு வழக்குக் கொடாமல் ஒதுக்குவதும் குற்றமாகக் கொள்ளப்பட வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. நாம் நம்மையே சந்தேகிக்கச் சம்மதிக்க வேண்டும், அதுதான் கடினம்.

இன்னொன்றும் உண்டு. சட்டம் எதுவும் பக்கத்திலே நிற்பவளைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று அந்தப் படியிலே நின்றவள் நான். மல்லிகா என்னிடம் வழக்காடச் சொல்லவில்லை, சாட்சி சொல்லச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்திருந்தால், அடுத்த பஸ்ஸிலே போயிருப்பேன். அவள் சட்டத்தரணியாகியிருப்பாள். அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை. பெயர் தெரியாததனாலா நான் இறங்கிப் போனேன்? இல்லை. எனக்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

இப்போது என்னிடமும் பயிலுனர்கள் வருகிறார்கள். அறைக் கதவு திறந்தே இருக்கும்; கிளாக்கர் போன பிறகு எவரையும் நிறுத்துவதில்லை. முதல் நாளன்று அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுக்கிறேன். அதிலே வேறோர் ஊரிலே தொழில் செய்யும் மூத்த சட்டத்தரணி ஒருவரின் பெயரும் விலாசமும் இருக்கும். அவருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. "இந்த அறையிலே உனக்கு ஏதாவது நேர்ந்தால், அது என்னாலேயே நேர்ந்தாலும், இவரிடம் போ. உன் மிச்ச மாதங்களை அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அதை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். மடித்து வைத்துக்கொள்பவர்களிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.